தில்லைக்குக் கட்டிய மஞ்சள் துணி

தில்லை மரத்தைப் பற்றி உத்திராபதிக்கு ஒரே ஒரு அபிப்பிராயம்தான் இருந்தது. அடுப்புக்கு ஆகாது. எரித்தால் புகை கண்ணைப் பிடுங்கும். வெட்டினால் பால் தெறிக்கும். தெறித்தது கண்ணில் பட்டால் மூன்று நாள் உலகம் தெரியாது. சிதம்பரத்துக்காரர்கள் அந்த மரத்தின் பெயரை வைத்துப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். அவர்கள் அதை வெட்டிப் பார்த்ததில்லை. கண்டல்திட்டு ஆட்கள் அதன் பக்கம் அரிவாளோடு போவதே கிடையாது. அதில் பக்தியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. கண்மேல் இருந்த பயம், அவ்வளவுதான்.

கண்டல்திட்டு, கிள்ளையைத் தாண்டி உப்பங்கழி ஓரத்தில் அறுபது வீடு கொண்ட மீனவர் ஊர். 2004 மார்கழியில் அலை வந்தபோது வெளிக்கடலைப் பார்த்து இருந்த ஊர்களில் பிணங்களை வரிசையாகக் கிடத்தினார்கள். கண்டல்திட்டில் செத்தது இரண்டு ஆடு. நடுவில் நின்ற காடு அடியை வாங்கிக்கொண்டது. அந்தச் சேதி எப்படியோ சென்னைக்குப் போய், இரண்டு வருஷம் கழித்து ஒரு தொண்டு நிறுவனத்தை ஜீப்பில் கூட்டிவந்தது. காடு உங்களைக் காப்பாற்றியது, இனி நீங்கள் காட்டைக் காப்பாற்ற வேண்டும், அதற்குச் சுற்றுலாதான் வழி என்றார்கள். வெளி முதலாளி யாரும் கிடையாது. ஊரே படகு ஓட்டும், ஊரே சோறு போடும், லாபமும் ஊருக்கே. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

குழு ஒன்று அமைந்தது. தலைவனாகத் தங்கராசு வந்தான். உத்திராபதியின் மனைவி மங்கலத்துக்குக் கூடப்பிறந்த தம்பி. கடலூரில் ஒரு செல்போன் கடையில் வேலைக்கு நின்றவன். நாலு பேர் முன்னால் கூச்சமில்லாமல் பேச வரும், அதைவிடப் பெரிய தகுதி அந்த ஊரில் யாருக்கும் இல்லை. அவன் இரண்டு சட்டம் போட்டான். படகு போகிற வாய்க்கால்களில் இனி யாரும் மீன், இறால் பிடிக்கக் கூடாது. வருகிறவர்களுக்கு நாற்றம் ஆகாது. இரண்டாவது, வீட்டுக்கு ஒரு படகு, முறை வைத்து ஓட்டலாம்; மூன்று முறை ஆள் வராத வீட்டின் படகு வேறு வீட்டுக்குப் போய்விடும். பத்து வயதிலிருந்து அந்தச் சேற்றில் தவழ்ந்து கையாலேயே இறால் தடவிப் பிடித்தவர் உத்திராபதி. எந்த வாய்க்கால் எங்கே வளைகிறது, எந்த வேர் எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்குக் காலால் தெரியும். முதல் சட்டம் அந்தப் பிழைப்பைப் பிடுங்கிக்கொண்டது. மிச்சமிருந்தது இரண்டாவது சட்டம் கொடுத்த படகு முறை ஒன்றுதான். அதை விட்டால் வீட்டில் உலை கொதிக்காது.

ஆரம்ப நாட்களில் ஜீப்பில் வந்த பெண் ஒருத்தி கையில் நோட்டுடன் அவர் படகில் ஏறினாள். குறுக்கு வாய்க்கால் முனையில் நின்ற ஒரு பெரிய தில்லையைக் காட்டி, “இந்த மரத்தைப் பத்தி உங்க ஊர்ல என்ன நம்பிக்கை இருக்கு?” என்று கேட்டாள்.

“அடுப்புக்கு ஆவாதுங்க.”

அவள் முகம் சுருங்கிவிட்டது. நோட்டில் எதையும் எழுதவில்லை. கூட இருந்த தங்கராசு சட்டென்று, “மேடம், அதுல எல்லைக் காளி இருக்கறதா எங்க முன்னோர்ங்க சொல்லுவாங்க. அதனாலதான் யாரும் வெட்டறதில்ல,” என்றான். அவள் பேனா ஓட ஆரம்பித்தது. உத்திராபதி வாயைத் திறக்கப் போனார். தங்கராசு அவர் காலை மிதித்தான்.

மறுநாள் மஞ்சள் துணி ஒன்றை எடுத்துவந்து, “மாமா, இத அந்த மரத்துல கட்டிட்டு வா,” என்றான். உத்திராபதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இல்லாத சாமிக்குப் புடவை கட்டும் முதல் ஆள் நான்தான் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தபடி கட்டிவிட்டு வந்தார். சிரித்த சிரிப்புக்கு அவர் பின்னால் பட்ட பாடு கொஞ்சமில்லை.

வருகிற கூட்டம் அந்த மரத்தைக் கும்பிட்டது, போட்டோ எடுத்தது, குங்குமம் போட்டது. வெளியூர்க்காரர்கள் இவ்வளவு பயபக்தியோடு கும்பிடுவதைப் பார்த்து உள்ளூர்ப் பெண்களுக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இருக்கும்போல இருக்கே என்று ஒருத்தி ஆரம்பித்தாள். இரண்டாம் வருஷம் ஆடி வெள்ளியில் கூழ் ஊற்றினார்கள். மூன்றாம் வருஷம் ஒருத்திக்கு அருளே வந்தது. மங்கலமும் வெள்ளி தவறாமல் படகில் போய் விளக்கு வைத்துவிட்டு வந்தாள். “அடியே, அந்தத் துணிய கட்டுனவனே நாந்தான்டி,” என்றார் உத்திராபதி. “மொதல்ல வாயக் கழுவு,” என்றாள் அவள்.

2010 வைகாசியில், பள்ளிக்கூட லீவுக் கூட்டம் உச்சத்தில் இருந்தபோது, தங்கராசு வீட்டுக்கு வந்தான்.

“மாமா, அந்தக் குறுக்கு வாய்க்கா மேல மரம் மூடிக் கெடக்குல்ல. படகு நுழையற அளவுக்குத் தட்டி வுட்டா குகை மாதிரி இருக்கும். பாண்டிச்சேரிலேந்து கல்யாண போட்டோ எடுக்கறவங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க.”

“அது பூரா தில்லைடா மச்சான்.”

“தெரிஞ்சிதான உங்கிட்ட வர்றேன்.”

“மரத்த வெட்டக் கூடாதுன்னு நீதான போர்டு வச்சிருக்க?”

“போர்டு வர்றவங்களுக்கு மாமா. நமக்கா?”

உத்திராபதி முடியாது என்றார். தங்கராசு கோபப்படவில்லை. “சரி, வேணாம். உன் மொறய வேற ஒருத்தரு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருக்காரு, அவுரு வெட்டறாராம்,” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினான். உத்திராபதி அரிவாளை எடுத்துக்கொண்டார்.

காட்டிலாகா ஆட்கள் வருவதற்கு முன்னால், பொழுது விடிகிற நேரத்திலேயே போய்விட்டார். படகில் நின்று அண்ணாந்து பார்த்து வெட்ட வேண்டியிருந்தது. தலையில் துண்டு கட்டியிருந்தார், கண்ணை இடுக்கிக்கொண்டுதான் வெட்டினார். நாலாவது கிளை முறிந்து தொங்கியபோது பால் கோடாக வந்து இரண்டு கண்ணிலும் இறங்கியது. எரிச்சல் தாங்காமல் கழியிலேயே குனிந்து உப்புத் தண்ணீரை அள்ளி அள்ளி அடித்தார். அது இன்னும் எரிந்தது. கத்திக்கொண்டே துடுப்பைத் தேடிப் பிடித்து வீடு வந்து சேர்ந்தார்.

வெளியூர்க்காரனாக இருந்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பான். கண்டல்திட்டில் தில்லைப்பால் படாத ஆள் கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஒரு தடவையாவது பட்டிருக்கும், மூன்று நாள் இருட்டில் படுத்துக் கிடந்து நாலாம் நாள் எழுந்து நடந்திருப்பார்கள். பக்கத்து வீட்டில் கைக்குழந்தைக்காரி தமிழினி பாலாடையில் தாய்ப்பால் பீய்ச்சிக் கொடுத்தாள். மங்கலம் அதை அவர் கண்ணில் விட்டாள். “மூணு நாள்ல சரியாயிடும்,” என்று பார்க்க வந்த அத்தனை பேரும் சொன்னார்கள். அவர்களுக்குச் சரியாகியிருந்தது, பொய் சொல்லவில்லை. அவர்கள் கண்ணில் பட்டது ஒரு சொட்டு. இவர் கண்ணில் இறங்கியது ஒரு கிளையின் பால். அந்த வித்தியாசம் ஒருவருக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. தங்கராசும் வந்தான். “ஆஸ்பத்திரிக்குப் போனா எப்படி பட்டுச்சின்னு கேப்பாங்க. நான் வெட்டச் சொன்னேன்னு வெளிய வந்தா ஊரு மேலயே கேஸு வரும். பொறுத்துக்க மாமா,” என்று காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னான்.

நாலாம் நாள் கண் திறந்தால் வெள்ளையாக இருந்தது. சிதம்பரத்தில் பார்த்துவிட்டுப் பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “பட்டவொடனே நல்ல தண்ணியில கழுவி அன்னிக்கே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்,” என்றார். இடது கண் முழுக்கப் போயிருந்தது. வலது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் நின்றது. இந்த அலைச்சலில் இரண்டு முறை தவறிவிட்டன. இன்னும் ஒன்று தவறினால் படகு போய்விடும்.

வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். ஊருக்கு ஒரு கண் போனது என்று சொல்வது, இன்னொன்று நன்றாகத் தெரிகிறது என்று சாதிப்பது. மகள் கயல்விழி பன்னிரண்டாவது முடித்திருந்தாள். தொண்டு நிறுவனம் அவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து, படகில் வருகிறவர்களுக்குக் காட்டை விளக்கும் வேலையில் வைத்திருந்தது. அவள் அப்பா படகிலேயே முன்னால் உட்கார்ந்துகொண்டாள். இடப்பக்கம் திரும்ப ஒரு தட்டு, வலப்பக்கம் திரும்ப இரண்டு தட்டு. பேசிக்கொண்டே விரலால் பலகையில் தட்டுவாள். வருகிறவர்கள் அதைப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். பாதி இடங்களில் அவள் தட்டவே வேண்டியிருக்காது. நீர் இழுக்கிற இழுப்பிலும் சேற்றின் வாடையிலும் அவருக்கு இடம் பிடிபட்டுவிடும். இப்படி ஏழு மாதம் ஊரையே ஏமாற்றினார்கள். அந்த ஏழு மாதமும் அப்பனும் மகளும் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்ட மாதிரி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

2011 காணும் பொங்கலன்று கயல்விழிக்கு நெருப்பாகக் காய்ச்சல். எழுந்து உட்காரவே முடியவில்லை. “இன்னிக்கு வேணாம்பா,” என்று முனகினாள். இதுவும் தவறினால் மூன்றாவது முறை. உத்திராபதி போனார்.

ஆறு பேர் ஏறினார்கள். வாய்க்காலெல்லாம் அவர் சொன்னபடி கேட்டது. பெரிய வளைவு தாண்டியதும் வழக்கம்போல வேகமாகத் துடுப்புப் போட்டார். மாட்டுப் பொங்கலன்று அந்த இடத்தில் தங்கராசு நாலைந்து மரத்தைச் சாய்த்துவிட்டு, தண்ணீருக்குள் சவுக்குக் கம்பு நட்டு, போட்டோ எடுக்க ஒரு மேடை போட்டிருந்தான். போகிற வருகிற படகுக்காரர்கள் எல்லோருக்கும் அது கண்ணெதிரே தெரிந்தது. கண்ணெதிரே தெரிவதை யாராவது போய்ச் சொல்வார்களா? படகு நேராகப் போய் மோதிக் கவிழ்ந்தது. இடுப்பளவுத் தண்ணீர்தான், உயிர்ச்சேதமில்லை. ஒரு பெண்ணுக்குக் கை முறிந்தது. தண்ணீரில் நின்றுகொண்டு, “எங்க மோதிச்சி? என்னாதுல மோதிச்சி?” என்று உத்திராபதி கேட்டபோது எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. கண் தெரியாதவன் ஆறு உயிரை ஏற்றிப் போனான் என்று ஆளுக்கு ஆள் பாய்ந்தார்கள். எப்படிக் கண் போனது என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. தங்கராசு தலையைக் குனிந்துகொண்டு, “சொந்தம்னு பாக்க முடியாதுங்க, சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்,” என்றான். படகு போனது. நியாயம் பேசுகிற குரல் அவனுக்கு அவ்வளவு நன்றாக வரும். கேட்டவர்கள் அவனுக்காக வருத்தப்பட்டார்கள்.

அந்த ஆறு பேரில் ஒருவர் பத்திரிகைக்காரர். பார்வை இல்லாத ஒருவர் இவ்வளவு தூரம் மனப்பாடமாகப் படகு ஓட்டியிருக்கிறாரே என்று அதிசயப்பட்டு ஞாயிற்றுக்கிழமை மலரில் எழுதிவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து வந்து இறங்குகிறவர்களெல்லாம், “அந்தக் கண்ணு தெரியாதவரு படகு எங்க?” என்று கேட்டார்கள். இல்லை என்றால் படகுச் சவாரிக்குப் பிச்சாவரத்துக்கே போனார்கள். தங்கராசு ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தான். பிறகு பழத்தோடு வந்தான்.

“மாமா, படகு உனக்குத்தான். இனிமே மொற கெடையாது, தெனம் உன் படகுதான் மொதல்ல போவும். பின்னால ஒரு ஆளு கோல் வச்சிக்கிட்டு நிப்பான், நீ துடுப்பு போட்டா போதும்.”

உத்திராபதி அழுதேவிட்டார். அவன் முடிக்கவில்லை.

“ஒண்ணே ஒண்ணு. எப்படி கண்ணு போச்சின்னு கேக்கறாங்க. நெசத்த சொன்னா கேஸு. அதனால, நீ பேராசப்பட்டு அம்மன் மரத்த வெட்டப் போன, அம்மன் கண்ண வாங்கிடுச்சி, அன்னிலேந்து காட்டுக்கே ஊழியம் பண்றன்னு சொல்லிடலாம்.”

“டேய், அங்க அம்மன் கெடையாதுடா. அந்தத் துணிய நாந்தான்டா கட்டுனேன்!”

“எனக்குத் தெரியும் மாமா. அவுங்களுக்கு எதுக்கு?”

உத்திராபதி மங்கலத்தின் பக்கம் திரும்பினார். தம்பியை வெளியே துரத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ, “அம்மன் இல்லன்னா உனக்கு ஏன்யா ரெண்டு கண்ணும் போச்சி? ஊர்ல எல்லாத்துக்கும்தான் பால் பட்டுது,” என்றாள். எவ்வளவு காலமாக மனதில் வைத்திருந்தாளோ. வெள்ளிக்கிழமைகளில் அவள் போய் அந்த மரத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. கண் போன அன்றைக்குக்கூட அவருக்கு அவ்வளவு இருட்டாகவில்லை.

ஒரு தடவை அவர் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். திருச்சியிலிருந்து வந்த ஒரு கும்பலிடம், சாமியும் இல்லை ஒன்றும் இல்லை, மச்சான் வெட்டச் சொன்னான் வெட்டினேன் என்றார். அவர்கள் கரை இறங்கியதும், கரையில் சொல்லி அனுப்பியது ஒன்று படகில் சொல்வது ஒன்று, ஏமாற்றுகிறீர்களா என்று சண்டைக்கு வந்தார்கள். அந்த வாரம் முழுக்கத் தங்கராசு அவர் படகையும் எடுக்கவிடவில்லை, கயல்விழியையும் வேலைக்குக் கூப்பிடவில்லை. “நீ சும்மா இருந்தா போதும்பா, நான் சொல்லிக்கறேன்,” என்றாள் கயல்விழி. நர்சிங் படிக்க விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். அதை எடுத்து அவர் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னாள்.

அந்தக் கதையைப் படகில் முதல் தடவை சொன்னபோது கயல்விழி பாதியில் நிறுத்திவிட்டாள். பத்தாவது தடவை நிறுத்தவில்லை. ஐம்பதாவது தடவைக்குள் எந்த இடத்தில் குரலை இறக்க வேண்டும், எந்த இடத்தில் விட்டுப் பிடிக்க வேண்டும் என்று பழகியிருந்தாள். பெற்ற மகளே சொல்கிறாள் என்று தெரிந்தால் நன்றாக இருக்காது, யாரோ ஒருத்தராகச் சொல் என்று தங்கராசு யோசனை சொன்னான். அவள் அப்பாவைப் பெரியவரே என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவருக்குக் கறுப்புக் கண்ணாடி ஒன்றும் வாங்கி மாட்டினார்கள். 2011 கடைசியில் ‘தானே’ புயல் அந்தத் தில்லையை வேரோடு சாய்த்தது. ஒரு வாரத்தில் மஞ்சள் துணி பக்கத்து மரத்துக்கு மாறியது. அம்மன் இடம் மாறியது என்று கதையில் ஒரு வரி கூடியது, கும்பிடுகிற கூட்டமும் கூடியது.

2012 கோடையில் ஒரு நாள் நெய்வேலியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அம்மா, அப்பா, ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. குறுக்கு வாய்க்கால் முனையில் படகு நின்றது. கயல்விழி எழுந்து நின்று சொன்னாள்.

“இந்தப் பெரியவர் அம்மன் காடுன்னு தெரிஞ்சும் ஆசப்பட்டு இங்க மரம் வெட்ட வந்தாரு. மொத வெட்டு வெட்டுனாரு. மரம் அழுதுச்சி. அந்தக் கண்ணீர் இவுரு கண்ணுல வுழுந்துச்சி.” கொஞ்சம் நிறுத்தினாள். “பெரியவரே, கண்ணாடிய கழட்டுங்க.”

உத்திராபதி கழற்றினார். வெள்ளையாகிப்போன இரண்டு கண்ணையும் காட்டினார். கேமரா நாலு தடவை கிளிக் என்றது. குழந்தை பயந்து அம்மா மடியில் ஒண்டிக்கொண்டது. கொஞ்சம் கழித்துத் தைரியம் வந்து, “தாத்தா, நெஜமாவே நீங்கதான் வெட்டுனீங்களா?” என்று கேட்டது.

அதுவரை யாரும் அவரிடம் நேராகக் கேட்டதில்லை. அவர் கயல்விழி இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பினார். அவள் ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள் என்று பார்த்தார். அவளோ அவர் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.

“ஆமாம்மா. நாந்தான் வெட்டுனேன்.”

“ஏன் வெட்டுனீங்க?”

“ஆச.”

குழந்தையின் அம்மா அதைத் தூக்கி நிறுத்தி, அவர் முகத்துக்கு நேராக விரலை நீட்டிக் காட்டினாள். “பாத்தியா பாப்பா? தப்பு பண்ணா சாமி கண்ண குத்தும்னு அம்மா சொல்லுவேன்ல? இந்தா பாரு, குத்திடுச்சி.”

“கரெக்டா சொன்னீங்க மேடம்,” என்றாள் கயல்விழி.